கொல்லாத தூண்டில்

மீன் மாட்டிய நேரத்தில் வான்மதி ஆற்றங்கரைக் கூழாங்கல் மேட்டில் மடக்கு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து தட்டுவடை தின்றுகொண்டிருந்தாள். ஐந்தாம் மாதம். வாந்தி நின்று பசி தொடங்கியிருந்தது. ஃப்ரீமான்ட் வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு வந்த பொட்டலங்களில் பாதி விமானத்திலேயே காலி. கதிர் காலையிலிருந்து முழங்கால் தண்ணீரில் நின்று தூண்டிலை வீசிக்கொண்டே இருந்தான். இதுவரை அவன் பிடித்தது கரையோரச் செடியின் கிளைகள் சிலவும் ஒரு தொப்பியும்தான். தொப்பியும் அவனுடையதே. இன்றைக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை, மத்தியானச் சாப்பாட்டுக்கு ஃபேர்பேங்ஸ் டவுனுக்குப் போய்விடலாம் என்று அவள் நிம்மதியாக இருந்தபோதுதான் "வானு" என்று குரல் வந்தது. மீசை முளைக்கிற வயதுப் பையனின் குரல்போல அது உடைந்திருந்தது. நிமிர்ந்து பார்த்தால் தூண்டில் கழி வளைந்து நுனி தண்ணீரைத் தொட்டுக்கொண்டிருக்கிறது.

கதிர் திருப்பூர்க்காரன். அவன் வீட்டுக்குப் பின்னால் ஓடிய ஆற்றில் அவன் பள்ளி போன காலத்தில் சாயத் தண்ணீர்தான் வந்தது. ஊரில் அந்த வாரம் எந்த நிறத்துப் பனியன் போகிறது என்பதை ஆற்றைப் பார்த்தே சொல்லிவிடலாம். ஆற்றில் மீன் இருக்கும் என்பதே அவன் பாடப்புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொண்ட விஷயம். அப்படிப்பட்டவனுக்கு அலாஸ்காவின் கிரேலிங் மீன் மேல் எப்படிப் பைத்தியம் பிடித்தது என்று வான்மதிக்கு இன்றுவரை விளங்கவில்லை. வீடியோக்களில்தான் ஆரம்பித்தது. ராத்திரிச் சாப்பாட்டுத் தட்டோடு உட்கார்ந்து, தாடி வைத்த வெள்ளைக்காரர்கள் ஆற்றில் நின்று தூண்டில் வீசுவதை ஏதோ கிரிக்கெட் மேட்ச் மாதிரி பார்ப்பான். முதுகில் பாய்மரம்போல ஒரு துடுப்பு, சாம்பல் உடம்பில் ஊதாப் பொட்டு, சின்னஞ்சிறு வாய். "பிடிச்ச உடனே மோந்து பாத்தா கற்பூரவள்ளி வாசம் அடிக்குமாம் வானு" என்பான். அப்புறம் கழி வாங்கினான். அபார்ட்மென்ட் நீச்சல் குளத்துப் பக்கத்துப் புல்வெளியில், நூல் நுனியில் முள்ளுக்குப் பதில் ஒரு துண்டுக் கம்பளி நூலைக் கட்டி வீசிப் பழகினான். குழந்தைகள் கண்ணில் படும் என்று லீசிங் ஆபீஸிலிருந்து மெயில் வந்த பிறகு லேக் எலிசபெத் பக்கம் போய்ப் பழகினான்.

இதெல்லாம் வயிற்றில் இது தங்குவதற்கு முன்பு. தங்கியதும், போட்டு வைத்திருந்த அலாஸ்காப் பயணத்தையே வேண்டாம் என்றுவிட்டான். காரணம் அவன் அம்மா. நாகரத்தினம் சேதி கேட்ட அன்றைக்கே வீடியோ காலில் மருமகளிடம் பாலும் பேரீச்சம்பழமும் பற்றிப் பேசி முடித்துவிட்டு, மகனைத் தனியாகக் கூப்பிட்டார். தனியாக என்றால் ஸ்பீக்கரில்தான். "ஏஞ்சாமி, பொண்டாட்டி மாசமா இருக்கறப்ப புருசங்காரன் ஒரு உசிரையும் கொல்லக் கூடாது. பாம்பு, தேளு, எதையும். தேங்காகூட நீ ஒடைக்காத சாமி. வேற யாரையாச்சும் ஒடைக்கச் சொல்லு." கதிர் "சரிம்மா, சரிம்மா" என்றான். வான்மதி அடுப்படியில் நின்று வாயைப் பொத்திச் சிரித்தாள்.

சிரித்தாளே ஒழிய, அவளுக்கும் எலி ஞாபகம் வராமல் இல்லை. இது மூன்றாவது தடவை தங்கியிருப்பது. முதலாவது எட்டாம் வாரம் போனது. இரண்டாவது நாலு மாதம் நெருங்கும்போது. அதற்குக் கொஞ்சம் முன்னால் கராஜில் எலி வந்து அரிசி மூட்டையைக் கிழித்திருந்தது, கதிர் பொறி வைத்தான், எலி செத்தது. அவ்வளவுதான். ஒரு எலிக்கும் ஒரு கருவுக்கும் என்ன சம்பந்தம்? அவள் வேலை பார்ப்பது மருந்துக் கம்பெனியில், புள்ளிவிவரப் பிரிவில். எதற்கு எது காரணம் என்று அவசரப்பட்டுச் சொல்லக் கூடாது என்பதற்குத்தான் அவளுக்குச் சம்பளமே. டாக்டரும் இருவரையும் உட்காரவைத்து, யார் செய்ததாலும் செய்யாததாலும் இது ஆகவில்லை என்று சொன்னார். கதிர் தலையை ஆட்டினான். ஆனால் இந்தத் தடவை, சிலந்தியை டம்ளரில் பிடித்து அட்டையால் மூடிக் கொண்டுபோய் வெளியே விட்டான். சிங்க் ஓரம் எறும்பு வரிசை போனால் பாத்திரம் கழுவாமல் காத்திருந்தான். அம்மாவுக்காகச் செய்கிறான், செய்துவிட்டுப் போகட்டும் என்று இவள் விட்டுவிட்டாள்.

பயணத்தை மறுபடி பிடித்துக் கொண்டுவந்ததும் இவள்தான். அத்தனை வருஷம் கனவு கண்டவன் குழந்தை பிறந்த பிறகு எங்கே போகப்போகிறான் என்ற இரக்கம். டாக்டரும் போகலாம் என்றார். மீன்பிடி விதிகளை எல்லாம் உட்கார்ந்து படித்து, இந்த ஆற்றைக் கண்டுபிடித்தாள். இங்கே கிரேலிங்கைப் பிடிக்கலாம், வைத்துக்கொள்ளக் கூடாது. பிடித்த கையோடு உயிரோடு திரும்ப விட்டாக வேண்டும். "பாரு, உங்கம்மா சட்டமும் அலாஸ்கா சட்டமும் ஒண்ணுதான். கொன்னாத்தான தப்பு? நீ புடிச்சு விட்டுடு" என்றாள். வக்கீல் மாதிரி பேசற என்று அவன் சிரித்தான். ஒரு நாள் யோசித்துவிட்டு டிக்கெட்டை எடுத்தான்.

இப்போது அந்த மீன் அவன் காலருகே வந்துவிட்டது. கடையில் வாடகைக்கு எடுத்த, மார்பு வரை வரும் ரப்பர் கால்சட்டையோடு குனிந்து, வீடியோவில் சொன்னபடி கையை நனைத்துக்கொண்டு அதைப் பிடித்தான். "வானு, போட்டோ, போட்டோ." அவள் தட்டுவடையைக் கீழே வைத்துவிட்டுத் தண்ணீர் ஓரம் வரை ஓடினாள். ஓடக் கூடாது என்று அவனே கத்தினான். முழங்கை நீளம்கூட இல்லை. ஆனால் அழகு என்றால் அப்படி ஓர் அழகு. வெயில் பட்டதும் அந்தச் சாம்பல் நிறத்துக்குள்ளிருந்து ஒரு நீலம் வந்து போனது.

"துடுப்பு தெரியல. விரிச்சுக் காமி."

விரித்துக் காட்டினான். முகத்தில் நிழல். "இந்தப் பக்கம் திரும்பு." திரும்பினான். மீன் துள்ளி, அவன் இறுக்கிப் பிடித்து, அவள் மறுபடி எடுத்தாள். மீனின் வாய் திறந்து மூடிக்கொண்டிருந்தது. "சிரி கதிர், ஏன் பயந்த மாதிரி இருக்க?" என்று இன்னும் ஒன்று எடுத்தாள். எடுத்ததைப் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் அவன் விரலிடுக்கில் சிவப்பாக ஒழுகுவது தெரிந்தது.

பூச்சி மாதிரி இறகும் நூலும் சுற்றிய அந்தச் சின்ன முள், உதட்டில் குத்தியிருக்க வேண்டியது, தொண்டைக்குள் போயிருந்தது. மீன் கவ்வியதும் சுண்டி இழுக்க வேண்டுமாம். முதல் மீனின் பதற்றத்தில் அவன் நின்றுவிட்டான், அது விழுங்கிவிட்டது. அப்படி விழுங்கினால் நூலை வெட்டி விட்டுவிட வேண்டும் என்று கடைக்காரர் சொன்னது இருவருக்கும் அப்போது நினைவில்லை. கதிர் மீனைத் தண்ணீருக்குள் வைத்து இடுக்கியால் பிடித்து இழுத்தான். முள் வந்தது. கூடவே செவுளிலிருந்து ரத்தம் புகைபோலத் தண்ணீரில் பரவியது. அவன் கையை விரித்தான். மீன் ஒரு நொடி நின்றது. பிறகு மெதுவாகச் சாய்ந்து, வெள்ளை வயிறு மேலே தெரிய, ஆற்றோடு போகத் தொடங்கியது.

கதிர் அதன் பின்னால் பாய்ந்தான்.

அவளுக்கு முதலில் தெரிந்தது அவன் முதுகு மட்டும். நாலு எட்டு வைத்ததும் ஆறு ஆழமானது; இடுப்பு, வயிறு, ஒரு தடவை தோள் வரைக்கும் முங்கி எழுந்தான். ரப்பர் கால்சட்டைக்குள் தண்ணீர் போனால் எழுந்திருப்பது கஷ்டம் என்று கடையில் பெல்ட்டை இறுக்கிக் காட்டி எச்சரித்திருந்தார்கள். பெல்ட் போட்டிருக்கிறானா? காலையில் அவன் உடுத்தும்போது இவள் போனில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள். "கதிர்" என்று கத்தினாள். சத்தம் ஆற்றுக்கு அந்தப் பக்கம் போய், மஞ்சளாகத் தொடங்கியிருந்த மரங்களுக்குள் காணாமல் போனது. சாலையில் வண்டி ஏதும் இல்லை. போனில் ஒரு கோடு சிக்னல்கூட இல்லை. கார் சாவி அவன் சட்டைப் பையில்.

அவன் நின்றுவிட்டான். இடுப்பு ஆழத்தில், காலை அகட்டி, ஆறு வரும் திசையைப் பார்த்து நின்றான். குனிந்திருந்தான். கைகள் தண்ணீருக்குள் இருந்தன.

"புடிச்சுட்டேன்" என்றான்.

"விட்டுட்டு வா மேல."

"செவுள் அசையுது வானு. எதிர்த் தண்ணி வாய்க்குள்ள போகணும். கொஞ்ச நேரம் புடிச்சிருந்தா ரிகவர் ஆயிடும்."

"சரி, சீக்கிரம்."

கொஞ்ச நேரம் ஆனது. இன்னும் கொஞ்ச நேரம் ஆனது. ஆகஸ்ட் மாதம்தான், ஆனாலும் அந்தத் தண்ணீரில் காலையில் விரலை விட்டுப் பார்த்து அவள் சட்டென்று எடுத்திருந்தாள். அவன் வெறுங்கையோடு நிற்கிறான், நெஞ்சு வரை நனைந்து. ஒரு தடவை கையை விரித்துப் பார்த்தான், மீன் சாய்ந்தது, மறுபடி பிடித்துக்கொண்டான். அவன் முகவாய் நடுங்குவது கரையிலிருந்தே தெரிந்தது.

"கதிர், போதும். எல்லா மீனும் பொழைக்காது. விதியிலேயே போட்டிருக்கான், செத்தாலும் தண்ணியிலயே விட்டுடணும்னு. நம்ம தப்பு இல்ல."

அவன் மீனின் தலையை நேராக்கிப் பிடித்தான்.

"நீ விழுந்தா நான் இங்க என்ன பண்ணுவேன்? கார் கீ உன்கிட்ட இருக்கு. போன் வேலை செய்யல. கொஞ்சமாவது யோசிச்சியா?"

"இன்னும் ரெண்டு நிமிஷம்."

"வாங்க வெளிய." கல்லூரியில் கூடப் படித்தவன், நீ, வா, போதான் எப்போதும். 'ங்க' வருவது அவன் அம்மா முன்னாலும், சண்டையிலும் மட்டும். "இப்ப வரப்போறீங்களா இல்லையா? ஒரு மீனுக்காக என்னைய இப்படி நிக்க வெப்பீங்களா?"

அவன் தலையை நிமிர்த்தினான். உதடு நீலம் பாய்ந்திருந்தது. "இந்தத் தடவையும் என்னால ஆகக் கூடாது வானு" என்றான்.

சொல்லிவிட்டு மறுபடி குனிந்துகொண்டான். அவள் அப்படியே நின்றாள். இந்தத் தடவையும். அப்படியென்றால் போன தடவை அவனால் ஆனது என்று இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருக்கிறான். டாக்டர் முன்னால் தலையாட்டியபோதும், ஆஸ்பத்திரியிலிருந்து காரில் திரும்பி வந்தபோதும், அவள் அழுது முடிக்கும் வரை கட்டில் ஓரம் உட்கார்ந்து காலைப் பிடித்துவிட்டபோதும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தான். அம்மாவுக்காகச் செய்கிறான் என்று இவள் எவ்வளவு சுலபமாக முடிவு கட்டிவிட்டாள். அவளுக்கு முதலில் வந்தது கோபம். அது என் உடம்பில் நடந்தது. என் உடம்புதான் தாங்கவில்லை என்று நான் ஒரு வருஷம் கண்ணாடியைப் பார்க்காமல் இருந்தேன். இவன் அதிலும் பங்குக்கு வந்து, அதையும் என்னிடம் சொல்லாமல் வைத்திருந்தானா? கோபத்துக்குப் பின்னாலேயே, அவனைப் பிடித்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. இரண்டையும் வைத்துக்கொண்டு அவள் கரையில் நின்றாள்.

எலிக்கும் கருவுக்கும் சம்பந்தமில்லை என்று இப்போது சொல்லலாம். அவனுக்குத் தெரியாததா? அவனும் இன்ஜினியர்தான். இந்த ஆற்றைத் தேடி அவனைக் கூட்டிவந்ததும், துடுப்பை விரி, திரும்பு, சிரி என்று அந்த மீனை வெயிலில் பிடிக்கவைத்ததும் அவள்தான். மீன் செத்தால் அவன் மிச்ச நாலு மாதத்தை எப்படித் தள்ளுவான் என்று நினைத்துப் பார்த்தாள். ஒவ்வொரு ஸ்கேனுக்கும் கூட வருவான். சிரித்துக்கொண்டே வருவான். அப்புறம் ஏதாவது ஆனால்? ஆகாது. ஆகாது என்று அவள் தனக்கே சத்தமாகச் சொல்லிக்கொண்டாள்.

"விட வேண்டாம் கதிர். மீனோட வா. தண்ணிக்குள்ளயே வெச்சுக்கிட்டு அப்படியே கரைக்கு நட."

அது அவனுக்குத் தோன்றியிருக்கவில்லை. ஒரு காலை நகர்த்தினான். கல் உருண்டது, சாய்ந்தான், ஒரு கையை நீட்டிச் சமாளித்துக்கொண்டான், மறு கை மீனை விடவில்லை. "மெதுவா. பக்கவாட்டுல கால் வை. என்னைப் பாக்காத, காலைப் பாரு." பச்சைக் குழந்தையை நடக்கப் பழக்குவதுபோல் அவள் சொல்லிக்கொண்டே இருக்க, இடுப்பிலிருந்து தொடைக்கும், தொடையிலிருந்து முழங்காலுக்கும் தண்ணீர் இறங்கியது. கரையோரம் வந்ததும் அவன் முட்டி போட்டு விழுந்தான். கையிரண்டும் மெழுகில் செய்த மாதிரி வெளுத்திருந்தன.

"செவுள் அசையுதான்னு பாரேன். எனக்குக் கை மரத்துப்போச்சு" என்றான். பல் அடித்துக்கொண்டதில் பாதிதான் கேட்டது.

வான்மதி ஷூவோடு தண்ணீரில் இறங்கினாள். கால் வழியாகக் குளிர் ஏறி மூச்சை நிறுத்தியது.

"நீ எறங்காத. உனக்கு ஆகாது."

"கணுக்கால் தண்ணிதான். என்கிட்ட குடு."

"வேண்டாம் வானு."

"உங்கம்மா புருசனத்தான சொன்னாங்க? நான் புடிச்சா ஒண்ணும் இல்ல. குடு. நீ போய் நனைஞ்சதக் கழட்டிட்டு என் ஜாக்கெட்டைப் போட்டுக்கிட்டு உக்காரு. அந்தப் பக்கம் திரும்பி உக்காரு. பாத்துக்கிட்டே இருந்தா உனக்குப் பைத்தியம் புடிக்கும்."

அவன் விரல்களை ஒவ்வொன்றாக அவளே பிரித்து எடுக்க வேண்டியிருந்தது. மீன் அவள் கைக்கு வந்தது. அவள் குனிந்து, அதன் தலையை எதிர்த் தண்ணீருக்குத் திருப்பிப் பிடித்தாள். கதிர் தவழ்ந்து மேட்டில் ஏறி, அவள் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு, ஆற்றுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, கையை அக்குளில் செருகிக்கொண்டான்.

அது கனமே இல்லை. வழுவழுப்பாகவும் உறுதியாகவும் இருந்தது. வெயிலில் பார்த்த நீலம் இப்போது இல்லை. செவுள் ஒரு தடவை திறந்தது. ரொம்ப நேரம் கழித்து இன்னொரு தடவை. அதுவும் தானாகத் திறந்ததா, தண்ணீர் தள்ளித் திறந்ததா என்று சொல்ல முடியவில்லை. ரத்தம் நின்றிருந்தது. நின்றதா, தீர்ந்ததா என்று ஒரு கேள்வி வந்தது. அதை அவள் தள்ளிவிட்டாள். "போடி. போயிடுடி கண்ணு. உனக்குப் புண்ணியமாப் போகட்டும்" என்று மெல்லிய குரலில் சொன்னாள். ஆணா பெண்ணா என்றுகூட அவளுக்குத் தெரியாது. கெஞ்சினாள். அவள் வாழ்க்கையில் கோயிலில்கூட அப்படிக் கெஞ்சியதில்லை. கைகள் மரத்துக்கொண்டு வந்தன. முதுகு பிடித்தது. ஐந்து மாத வயிறு மடியில் அழுந்தியது.

அப்போது உள்ளங்கையில் ஓர் அசைவு. மீன் உந்தியதா, ஆறு இழுத்ததா, மரத்துப்போன விரலுக்குப் பிடிபடவில்லை. கையிலிருந்து அது வழுக்கியது. சாம்பல் நிறமாக ஒரு கோடு, கொஞ்சம் சாய்ந்தாற்போல, கரையை விட்டு விலகி இருட்டுத் தண்ணீர் பக்கம் போனது. வெயில் அலையில் பட்டுக் கண்ணைக் கூச, அதற்கப்புறம் அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை.

"என்ன ஆச்சு?" என்றான் கதிர், திரும்பாமலே. தண்ணீரின் சலசலப்பு மாறியது அவனுக்கும் கேட்டிருக்க வேண்டும்.

"நீந்திடுச்சு."

"நிஜமா?"

"வாலை ஒரு தட்டு தட்டுச்சு பாரு, என் மூஞ்சில தண்ணி. நேரா ஆழத்துக்குப் போயிடுச்சு."

அவன் தோள் மட்டும் குலுங்கியது. குளிரில் அல்ல என்பது அவளுக்குத் தெரிந்தது. எவ்வளவு காலமாக அடக்கி வைத்திருந்ததோ, ஒரு முனகலாக அது வெளியே வந்தது. அழுது முடித்து, மூக்கை அவளுடைய ஜாக்கெட் கையில் துடைத்துக்கொண்டு, எழுவதற்குக் கையை ஊன்றினான்.

அங்கிருந்து கொஞ்சம் கீழே ஆறு வளைந்து ஆழம் குறைந்தது. கல் தெரியும் அளவுக்கு மெல்லிய நீர்தான் அங்கே. நீந்த முடியாத எதையும் ஆறு அந்தக் கல்லில்தான் கொண்டுபோய்ச் சேர்க்கும். காலையில் தூண்டில் மாட்டித் தட்டிவிட்ட அவன் தொப்பியும் அங்கேதான் போய்க் கிடந்தது. வான்மதி அவசரமாக நகர்ந்தாள். அவன் உட்கார்ந்திருந்த இடத்துக்கும் அந்த வளைவுக்கும் நடுவில் வந்து, கணுக்கால் தண்ணீரிலேயே நின்று, நனைந்த ஸ்வெட்டரின் இரண்டு பக்கமும் பிடித்து உதறுவதுபோல் அகல விரித்தாள். கதிர் அவளைப் பார்த்துச் சிரித்தபடி எழுந்து வந்துகொண்டிருந்தான். அவளும் சிரித்தாள். முதுகுக்குப் பின்னால் ஆறு கல் மேல் ஏறி இறங்கும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.